லிட்டோரினாவும் ஒரு சுவரொட்டியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1930களின் இத்தாலிய ரயில் காரான லிட்டோரினாவின் விளம்பரச் சுவரொட்டி, ஒரு நகல் வாங்கினேன். வண்டி தாளைக் கிழித்துக்கொண்டு வருகிறது. “முசோலினி பிரச்சாரத்தையா வீட்டில் மாட்டப் போகிறாய்?” என்கிறான் நண்பன். அது உண்மையிலேயே அவ்வளவு வேகமா? மாட்டலாமா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

வேகத்தை ஓவியர் கொஞ்சம் தாராளமாகவே அள்ளிவிட்டிருக்கிறார். லிட்டோரினா அடிப்படையில் தண்டவாளத்தில் ஓடிய பஸ். ஃபியட் செய்த முதல் வகைகளில் ஒன்றான ஏஎல்பி 48 பெட்ரோலில் ஓடியது, 48 இருக்கைகள். டீசல் அப்புறம் வந்தது. கூட்டமில்லாத கிளைப் பாதைகளில் நாலு பேருக்காக நீராவி எஞ்சினை ஓட்டிக் கட்டுப்படியாகவில்லை. நிலக்கரியோ பெரும்பாலும் இறக்குமதி. போதாததற்குச் சாலையில் பஸ்கள் வேறு போட்டிக்கு வந்துவிட்டன. அதற்குத்தான் இந்த எடை குறைந்த வண்டி. அதன் பெருமை சிக்கனம்தான் என்பேன். சிக்கனத்தை வரைந்தால் யார் நின்று பார்ப்பார்கள்? அதனால் தாழ்ந்த கோணம், சாய்ந்த கோடுகள், பெருத்த மூக்கு. 1909இல் வேகத்தைக் கொண்டாடும் ஃபியூச்சரிச இயக்கத்தைத் தொடங்கிய இத்தாலியக் கவிஞர் மாரினெட்டி, கவிஞர்களுக்கு ஓதிய வேக மந்திரம் அதற்குள் விளம்பரக்காரர்கள் கைக்கு வந்திருந்தது.

நிஜ வேகம் வேண்டுமென்றால் மின்சார ரயிலான இடிஆர் 200ஐப் பாருங்கள். காற்றை வேகமாக வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கத்தில் சோதித்து வடித்த முகம். 1939 ஜூலை 20 அன்று ஃபிளாரன்ஸிலிருந்து மிலானுக்குப் போகும் வழியில் மணிக்கு 203 கிலோமீட்டரைத் தொட்டது.

நண்பர் சொல்வதும் பொய்யில்லை. சதுப்பு நிலத்தை வடித்து முசோலினி கட்டிய ஊர் லிட்டோரியா. அவர் இந்த வண்டியில் அங்கே போனதை ஒட்டி வந்த பெயர்தான் இது. ஆனால் இதைவிடக் கனமான வாதம் ஒன்று இருக்கிறது, அதை உங்கள் நண்பர் சொல்லவில்லை. இதே லிட்டோரினா, அன்று இத்தாலியின் காலனியாக இருந்த எரித்திரியாவில், கடலோர மசாவாவிலிருந்து 2,300 மீட்டர் உயரத்து அஸ்மாராவுக்கு மலையேறியது.

தெரிந்துகொண்டு மாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் ரசனைக்கு லியோபோல்டோ மெட்லிகோவிட்ஸின் 1906 சுவரொட்டிதான் உசத்தி. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் இணைத்த சிம்ப்ளான் ரயில் குகைப்பாதைத் திறப்பை ஒட்டிய மிலான் கண்காட்சிக்கு வரைந்தது. எஞ்சினின் முகப்பில் இரண்டு உருவங்கள் உட்கார்ந்திருக்கின்றன, குகை வாயிலுக்கு அப்பால் மிலான் தேவாலயம். ரயில் கொஞ்சமாகத்தான் தெரியும். அதன் நகலும் கிடைக்கும், தேடிப் பாருங்கள்.