சதுரங்கக் கேள்வி பதில்: எஞ்சினைக் கொஞ்சம் லேட்டாகத் திறங்கள்

கேள்வி: தினமும் ஆன்லைனில் ஆடுகிறேன். ஆட்டம் முடிந்ததும் எஞ்சினை (நகர்வுகளை அலசும் சதுரங்க மென்பொருள்) போட்டு, எங்கெல்லாம் சிவப்புக் கேள்விக்குறி விழுந்திருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன். தப்பு தெரிகிறது, ரேட்டிங் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. சாஃப்ட்வேரைப் பயன்படுத்தத் தெரியவில்லையா எனக்கு?

பதில்: கணக்கைப் போடாமல் விடையை மட்டும் பார்க்கிறீர்கள், அதுதான் விஷயம். ஆட்டம் முடிந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு, முதலிலிருந்து நீங்களே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எங்கே குழம்பினீர்கள், எதிராளியின் எந்த நகர்வை எதிர்பார்க்கவே இல்லை, எங்கே ‘இனி ஜெயித்தாச்சு’ என்று நினைத்தீர்கள், இதையெல்லாம் இரண்டு மூன்று வரி எழுதி வையுங்கள். லிசெஸ் என்ற இலவச சதுரங்கத் தளத்தின் ஸ்டடி பகுதியில் நகர்வுக்குப் பக்கத்திலேயே குறிப்பு எழுதலாம், சாதா நோட்டும் போதும். அப்புறம் எஞ்சினைத் திறங்கள். நீங்கள் எழுதியதும் அது சொல்வதும் எங்கே முட்டிக்கொள்கிறதோ அங்கே உட்கார்ந்து யோசியுங்கள், மற்ற இடங்களை வேகமாகத் தாண்டிப் போகலாம்.

ஒரு உதாரணம். இருவரும் ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிறீர்கள், வெள்ளைக் குதிரை எஃப்3-க்கும் கறுப்புக் குதிரை சி6-க்கும் வருகிறது (எழுத்து பலகையின் நெடுவரிசை, எண் கிடைவரிசை), வெள்ளை பிஷப் சி4-க்கு வருகிறது. கறுப்பு தன் குதிரையை டி4-க்குத் தாவவிடுகிறது. ஈ5-இல் சிப்பாய் காவல் இல்லாமல் நிற்கிறது, வெள்ளைக் குதிரையால் வெட்டிவிடுகிறீர்கள். எஞ்சின் அங்கே கேள்விக்குறி போடுகிறது. இலவசமாகக் கிடைத்த சிப்பாயை எடுத்தது என்ன தப்பு? அதைக் கேட்டால் எஞ்சின் வாய் திறக்காது, ஆனால் ஆடிக் காட்டும். கறுப்புக்கு எது நல்ல நகர்வு என்று பாருங்கள்: ராணி ஜி5-க்கு வருகிறது, உங்கள் குதிரைக்கும் ஜி2 சிப்பாய்க்கும் ஒரே சமயத்தில் ஆபத்து. ராணியையும் யானையையும் சேர்த்துத் தாக்கலாமே என்று குதிரையை எஃப்7-இல் போட்டால், ராணி ஜி2-ஐ வெட்டும், யானை எஃப்1-க்கு ஒதுங்கும், ராணி ஈ4 சிப்பாயை வெட்டிச் செக் வைக்கும், பிஷப் ஈ2-இல் வந்து மறைக்கும், கறுப்புக் குதிரை எஃப்3-க்கு வந்தால் செக்மேட். ராஜாவுக்கு நகர இடமே இல்லை, சுற்றி நிற்பதெல்லாம் சொந்தக் காய்கள். இந்த வரிசையை உங்கள் கையால் நகர்த்திப் பார்த்தால்தான் மனதில் நிற்கும். வெள்ளைக்கு வேறு என்ன இருந்தது என்பதையும் கேளுங்கள். டி4 குதிரையைக் குதிரையால் வெட்டினாலே போதும், கறுப்பு ஒரே குதிரையை இரண்டு தடவை நகர்த்தி நேரத்தை வீணாக்கியதுதான் மிச்சம்.

எஞ்சினை மூன்று மாற்று நகர்வு வரிசைகள் காட்டும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் நகர்வும் இரண்டாவதும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்றால் உங்களுக்குப் புரிகிறதை ஆடலாம்.

கேள்வி: +0.3, -1.7 என்றெல்லாம் ஓடுகிறதே, அது என்ன?

பதில்: ஏறக்குறைய சிப்பாய்க் கணக்கு. பிளஸ் என்றால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸ் என்றால் கறுப்புக்கு. நாம் ஆடும் மட்டத்தில் 0.3-க்கெல்லாம் தூக்கம் கெட வேண்டாம், ஒரே நகர்வில் ஒன்றரை, இரண்டு என்று சரிந்த இடங்களை மட்டும் பிடியுங்கள். எண் நிலைக்கக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், எத்தனை நகர்வு முன்னால் பார்க்கிறது என்ற ஆழம் கூடக்கூட மாறும். எவ்வளவு சரியாக ஆடினீர்கள் என்று சொல்லும் ஆக்யூரசி சதவீதத்தைப் பார்த்துப் பூரித்துப் போகாதீர்கள். எதிராளி பத்தாவது நகர்விலேயே ராணியைத் தாரை வார்த்தால் யாருக்கும் தொண்ணூறு வரும்.

கேள்வி: ஸ்டாக்ஃபிஷ் என்ற எஞ்சினை டவுன்லோட் செய்தேன். கறுப்பு ஜன்னல் மட்டும் திறக்கிறது, பலகையைக் காணோம். காசு கட்ட வேண்டுமா?

பதில்: வேண்டாம், 2008-இல் வெளிவந்த நாளிலிருந்தே அது இலவசம்தான். அது வெறும் மூளை, பலகை தனி. அரீனா மாதிரி ஒரு இலவசப் பலகை மென்பொருளை நிறுவி அதில் எஞ்சினாகச் சேர்க்க வேண்டும். இந்தத் தலைவலி வேண்டாமென்றால் லிசெஸ் பக்கத்தில் ஆட்டத்தை ஒட்டினாலே போதும். பெரிய கம்ப்யூட்டரும் தேவையில்லை. 1997-இல் உலக சாம்பியன் காஸ்பரோவைத் தோற்கடித்த டீப் புளூ கம்ப்யூட்டரைவிட உங்கள் போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் பலசாலி.

கேள்வி: பஸில் (கொடுத்த நிலையில் சரியான நகர்வைக் கண்டுபிடிக்கும் புதிர்) ரேட்டிங் 2000 தாண்டிவிட்டது, நிஜ ஆட்டத்தில் 1300-இலேயே நிற்கிறேன். ஏன்?

பதில்: இரண்டும் வேறு வேறு அளவுகோல், பஸில் எண் பெரும்பாலும் கூடத்தான் இருக்கும். அதைவிட முக்கியம், பஸில் என்று வந்தாலே ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று தெரிந்துவிடுகிறது. ஆட்டத்தில் அப்படி யாரும் தோளைத் தட்டிச் சொல்ல மாட்டார்கள். முதலில் தோன்றுவதை ஆடிப் பார்க்காமல், எதிராளியின் பதில்களையும் சேர்த்துக் கடைசிவரை மனதில் ஓட்டிவிட்டு அப்புறம் காயைத் தொடுங்கள். எண்ணிக்கை குறையும், குறையட்டும். தப்பாய்ப் போனவற்றைச் சில நாள் கழித்து மறுபடி போடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரோடு ஆடிப் பழகுவது பிரயோஜனமா?

பதில்: மட்டம் குறைத்து வைத்த எஞ்சினோடு முழு ஆட்டம் ஆடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பத்து நகர்வு கிராண்ட்மாஸ்டர் மாதிரி ஆடிவிட்டுத் திடீரென்று ஒரு காயைச் சும்மா கொடுக்கும், மனிதர்கள் அப்படித் தப்பு செய்வதில்லை. மாயா என்ற எஞ்சினை மனிதர்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்தே பயிற்றுவித்திருக்கிறார்கள், நாம் செய்கிற மாதிரியான தப்புகளைச் செய்யும், லிசெஸில் அதோடு ஆடலாம். முழு பலத்தில் இருக்கும் எஞ்சினுக்கு எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்டத்தில், வேலை கொடுங்கள். ராஜாவும் ஒரு சிப்பாயும் உங்களுக்கு, தனி ராஜா அதற்கு. ஜெயிக்க வேண்டிய நிலையை ஜெயித்துக் காட்டுங்கள். ஒரு நகர்வு பிசகினால் டிராவாக்கிவிடும், உடனே அந்த நிலையைத் திரும்ப வைத்து மறுபடி ஆடுங்கள்.