குரல் செய்தியைப் பச்சை ஒலித் தரவாக்கினால் ஏன் இரு மடங்கு வேகத்தில் ஓடுகிறது?

ஏற்காட்டுப் பாட்டி வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரலை எஃப்எஃப்எம்பெக் (ஒலி, காணொளிகளை மாற்றும் நிரல்) கொண்டு சுருக்கம் நீக்கி, பச்சைத் தரவாக (raw) விரித்தீர்கள். இயக்கினால் அணில் போலக் கீச்சிடுகிறது என்கிறீர்கள். கோப்பு கெடவில்லை, கவலை வேண்டாம்.

வாட்ஸ்அப் குரலைச் சுருக்கும் முறை ஓபஸ். அதன் பொட்டலம் ஒவ்வொன்றிலும் வழக்கமாக 20 மில்லிநொடி ஒலி இருக்கும். நொடிக்கு 48,000 மாதிரிகள் (ஒலியின் அளவைக் குறிக்கும் எண்கள்) என்று விரித்தால் 960 மாதிரிகள். மாதிரிக்கு 16 பிட் (2 பைட்), ஒற்றைத் தடம் (மோனோ) என்றால் 1,920 பைட். பச்சைத் தரவில் மாதிரி எண்கள் மட்டுமே உண்டு; வீதம், தட எண்ணிக்கை போன்றவற்றைச் சொல்லும் தலைப்பகுதி கிடையாது. சேலம் லீ பஜார் சந்தையில் சீட்டு ஒட்டாமல் இறக்கிய மூட்டை மாதிரிதான்.

ஒற்றைத் தடத்தை இரட்டைத் தடம் (ஸ்டீரியோ) என்று ஒலி இயக்கும் செயலியிடம் சொல்லியிருப்பீர்கள். அது அடுத்தடுத்த மாதிரிகளை இடம், வலம் என்று பங்கு போட்டுவிடும். ஒரு நிமிடப் பேச்சு அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். (வெறும் இரைச்சல் கேட்டால் ஒவ்வொரு மாதிரியின் இரு பைட்டுகளும் இடம் மாறிப் படிக்கப்படுகின்றனவா என்று சந்தேகியுங்கள்.)

விரிக்கும்போது கொடுத்த மாதிரி வடிவம் (16 பிட் போன்றது), மாதிரி வீதம், தட எண்ணிக்கை மூன்றையும் இயக்கும்போதும் அப்படியே கொடுங்கள். கோப்பின் பைட் அளவை 96,000 ஆல் (நொடிக்கு 48,000 மாதிரி × 2 பைட்) வகுத்துப் பாருங்கள்: ஒரு நிமிடச் செய்திக்கு 60 வர வேண்டும். பச்சைத் தரவுதான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லையென்றால், பேசாமல் தலைப்பகுதி உள்ள வேவ் (WAV) கோப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.