தலைக்காயத்துக்கு ஏன் ஸ்டீராய்டு கொடுப்பதில்லை? ஸ்ட்ரெஸ் ஹார்மோனுக்கும் மூளைக் காயத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வியை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டில் யாரோ தலையில் அடிபட்டுப் படுத்திருக்கிறார்கள், பார்க்க வந்த சொந்தக்காரர் "வீக்கம் வத்த ஒரு ஊசி போட்டா சரியாயிடுமே, இவங்க ஏன் போடல?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நான் டாக்டர் இல்லை, குடியாத்தத்தில் லேப் டெக்னீஷியன். "ரத்தம் எடுக்கிறவங்களுக்கு மூளையைப் பத்தி என்ன தெரியும்" என்று யாராவது கேட்கலாம். ரத்தத்தில் கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலைதான். மற்றதைத் தம்பிக்காகத் தேடிப் படித்தேன், புரியாததை அவனைப் பார்த்த டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

தம்பிக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது மாதனூர் பக்கத்தில் நாய் குறுக்கே வந்து விழுந்துவிட்டான். 108-ல் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். ஐ.சி.யூ. வாசலில் பெரியப்பா டியூட்டி டாக்டரை வழிமறித்து, "எங்க சம்பந்திக்கு மூளையில கட்டி. டெக்சா போட்டு மூணே நாள்ல எழுந்து உட்கார்ந்தார். இவனுக்கும் போடுங்க, காசு நான் தரேன்" என்றார். டெக்சா என்பது டெக்சாமெத்தசோன், ஒரு ஸ்டீராய்டு. அந்தப் பெண் டாக்டருக்கு என் வயதுகூட இருக்காது. ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். கோபப்படாமல், "ஐயா, அது கட்டி, இது அடி. அடிக்குக் கொடுத்தா சாவு அதிகமாகுதுன்னு பத்தாயிரம் பேரை வச்சுப் பார்த்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பெரியப்பா நம்பவில்லை. காசு பிடுங்கப் பார்க்கிறார்கள் என்று ஊர் முழுக்கச் சொன்னார். அந்த டாக்டருக்காகவும்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை.

கிராஷ் என்று ஓர் ஆய்வு. 49 நாடுகள், 239 மருத்துவமனைகள், தலைக்காயத்தோடு வந்த 10,008 பெரியவர்கள். பாதிப் பேருக்கு அடிபட்ட எட்டு மணி நேரத்துக்குள் மெதில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்ற ஆரம்பித்தார்கள், மீதிப் பேருக்கு வெறும் டம்மி மருந்து. 20,000 பேரைச் சேர்ப்பதாகத் திட்டம். ஆனால் இரண்டு வாரத்தில் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பக்கம் 21.1 சதவீதம், மறுபக்கம் 17.9 சதவீதம் என்று தெரிந்ததும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2004-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. அதற்கு முன்னால் பல வருடங்களாக, பல நாடுகளில், நல்லது என்று நம்பியே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கட்டியைச் சுற்றி வரும் வீக்கத்துக்கு டெக்சா இன்றைக்கும் நல்ல மருந்துதான், சம்பந்தி எழுந்து உட்கார்ந்ததில் அதிசயம் இல்லை.

சரி, இதில் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் எங்கே வருகிறது? கார்டிசாலும் ஒரு ஸ்டீராய்டுதான், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்து வருகிறது. மூளைச் செல்லுக்குள் அதைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. பிடித்ததும் செல்லின் கருவுக்குள் போய், எந்த ஜீன் வேலை செய்ய வேண்டும், எது அடங்க வேண்டும் என்பதையே மாற்றும். 1968-ல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்கியூவன் எலிகளை வைத்துப் பார்த்தபோது, இந்த ஹார்மோன் அதிகமாகப் போய்ச் சேர்ந்த இடம் ஹிப்போகாம்பஸ். ஞாபகம் பதிகிற இடம். 1985-ல் ரூல், டி க்ளோட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அங்கே இருப்பது ஒரு வகை இல்லை, இரண்டு வகை ஏற்பி என்று காட்டினார்கள். ஒன்று எம்.ஆர். (மினரலோகார்டிகாய்டு ரிசப்டர்), இன்னொன்று ஜி.ஆர். (குளுக்கோகார்டிகாய்டு ரிசப்டர்). எம்.ஆர். சுமார் பத்து மடங்கு இறுக்கமாகப் பிடிக்கும், அதனால் சாதாரண நேரத்திலேயே பெரும்பாலும் நிரம்பியிருக்கும். ஹார்மோன் ஏறும்போதுதான் ஜி.ஆர். நிரம்பும். டவுன் பஸ்ஸில் சீட்டெல்லாம் நிரம்பிய பிறகுதானே ஆட்கள் நிற்க ஆரம்பிப்பார்கள், அந்த மாதிரி.

இரண்டும் அளவோடு இருந்தால்தான் அந்தச் செல்கள் பிழைக்கும். எலிகளுக்கு அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்டால் ஹிப்போகாம்பஸின் ஒரு பகுதியில் செல்கள் செத்துப்போகின்றன, 1989-ல் வந்த ஆய்வு அது. மறுபக்கம், ஹார்மோன் ரொம்ப நாள் அதிகமாக இருந்தால் ஹிப்போகாம்பஸ் செல்கள் அடியைத் தாங்காமல் போகின்றன என்று ராபர்ட் சபோல்ஸ்கி காட்டினார். 2002-ல், தலையில் அடிபட வைத்த எலிகளுக்கு ஜி.ஆர். ஏற்பியை அடைக்கும் மிஃபெப்ரிஸ்டோன் கொடுத்துப் பார்த்தபோது ஹிப்போகாம்பஸ் செல்கள் கூடுதலாகப் பிழைத்தன. எலியில் நடந்ததை வைத்து மனிதருக்கு அந்த மருந்தைக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை, யாரும் அப்படிப் புரிந்துகொள்ள வேண்டாம்.

டெக்சா போன்றவை பெரும்பாலும் ஜி.ஆரைத்தான் பிடிக்கும். அதோடு, வெளியிலிருந்து இவ்வளவு வருகிறதே என்று, மூளைக்கு அடியில் இருந்து அட்ரினலுக்கு உத்தரவு போடும் பிட்யூட்டரி சுரப்பி சும்மா இருந்துவிடும். உடம்பு தானாகச் சுரக்கும் கார்டிசால் குறையும், மூளையில் எம்.ஆர். காலியாகும். டி க்ளோட் போன்றவர்கள் வைக்கும் விளக்கம் இது. கிராஷில் இறந்தவர்கள் இதனால்தான் இறந்தார்கள் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நடுவில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழக அரசின் இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் காசு கேட்காமல் பார்த்தார்கள், அதை மறக்க மாட்டேன். அதற்குப் பிறகு காப்பீட்டு அட்டை. அப்பா இன்றைக்கும் கேட்டால் வட ஆற்காடு மாவட்டம் என்பார், அட்டையில் இருப்பது வேலூர், 2019-ல் பிரித்த பிறகு எங்கள் ஊர் இருப்பது திருப்பத்தூர் மாவட்டத்தில். இந்த முகவரியை மாற்ற ஓர் அலுவலகத்தில் "இங்க இல்ல, அங்க போங்க" என்றார்கள். அங்கே போனால் "அங்கதான்" என்றார்கள். பிள்ளை ஐ.சி.யூ.வில் இருக்கும்போது ஒரு தகப்பனை ஜெராக்ஸ் கடைக்கும் கவுண்டருக்கும் அலையவிடுவது கொடுமை. மாவட்டத்தைப் பிரித்தவர்கள் அட்டையையும் அவர்களே மாற்றிக் கொடுத்திருக்க வேண்டாமா?

தம்பி பிழைத்து வீட்டுக்கு வந்தான். எனக்குப் புண்ணாக இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. காயமெல்லாம் ஆறிய பிறகும் சட்டைக்கு நாலு பட்டன் போடுவதற்குள் திண்ணையில் உட்கார்ந்துவிடுவான். சாப்பாடு இறங்காது, எழுந்தால் தலைசுற்றல். கம்பெனியில் சூப்பர்வைசர் "நடிக்கிறான்" என்றார், பெரியப்பா "சோம்பேறி ஆயிட்டான்" என்றார், அம்மாவே "மனசை உறுதியா வச்சுக்கடா" என்று சொல்ல ஆரம்பித்தார். ரத்தத்தில் சோடியம் குறைவாக வந்தது. அதைப் பார்த்த டாக்டர்தான் காலை 8 மணி கார்டிசால் பார்க்கச் சொன்னார். நானே எடுத்த ரத்தம். அந்த நேரத்தில் ஒரு டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்க வேண்டியது, தம்பிக்கு 3-க்கும் கீழே. அடி பிட்யூட்டரியைத் தொட்டிருந்தது. கார்டிசாலைச் சுரக்கச் சொல்லும் உத்தரவே மேலிருந்து வரவில்லை. பையன் நடிக்கவில்லை.

இப்போது ஹைட்ரோகார்டிசோன் (அதே கார்டிசால்தான்) மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்கும் போகிறான். பெரியப்பா விடுவாரா? "அன்னைக்கு ஸ்டீராய்டு கூடாதுன்னாங்க, இன்னைக்கு அதையேதான் தராங்க" என்கிறார். கிராஷில் 48 மணி நேரத்தில் ஏற்றியது சுமார் 21 கிராம் மெதில்பிரெட்னிசலோன். ஹைட்ரோகார்டிசோன் கணக்கில் 100 கிராமுக்கு மேல். இவன் ஒரு நாளைக்குச் சாப்பிடுவது 20 மில்லிகிராம், நல்ல உடம்பு தானாகச் சுரக்கும் அளவுக்குப் பக்கம். அது ஏற்பிகளை மூழ்கடிப்பது, இது காலியாகக் கிடப்பதை நிரப்புவது.

உங்கள் வீட்டில் இருப்பவருக்கு அடிபட்டு மாதங்கள் ஆகியும் இந்த மாதிரி அசதி இருந்தால் டாக்டரிடம் பிட்யூட்டரி டெஸ்ட் பற்றிக் கேளுங்கள், தைராய்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள். கார்டிசாலுக்குக் காலையிலேயே ரத்தம் கொடுங்கள், மதியம் இயல்பாகவே குறைந்துவிடும். ஆஸ்துமா பஃப், மூட்டுக்குப் போட்ட ஊசி, தோலுக்குத் தடவும் ஸ்டீராய்டு கிரீம் எதுவானாலும் ரத்தம் எடுப்பவரிடமும் டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள், அதனாலும் அளவு குறைந்து வரும். ஏற்கனவே ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர் என்றால் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.