டாக்டரம்மா பதில்கள்: உதடு யார் வழி, பிளவு யார் வழி?

கேள்வி: டாக்டரம்மாவுக்கு வணக்கம். இந்தக் காணும் பொங்கலன்று என் மருமகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்து மாதமும் நிறைந்த பிரசவம்தான். ஆனால் மேலுதட்டில் இடப்பக்கம் பிளவு, அண்ணத்திலும் திறப்பு. போன செப்டம்பர் 7 சந்திர கிரகண ராத்திரியில் குறுவை நெல் களத்தில் கிடந்தது. தூறல் போட்டதால் மருமகள் தார்ப்பாய் இழுத்து மூட வெளியே ஓடினாள். ‘அதனால்தான் பிள்ளை மூளியாகப் பிறந்தது’ என்று என் மனைவி இரண்டு மாதமாக அவளைக் கரித்துக்கொட்டுகிறாள். குழந்தையின் கீழுதட்டில் ஊசியால் குத்தின மாதிரி இரண்டு குழி இருக்கிறது. என் மகனுக்கும் என் மனைவிக்கும் அதே இடத்தில் உண்டு, சில சமயம் ஈரம் கசியும். ‘கீழுதடு என் வம்சம், மேலுதடு கிரகணம்’ என்கிறாள். உண்மையா?
(பெயர் வேண்டாம், நீடாமங்கலம் பக்கம்)

பதில்: ஐயா, கிரகணத்தை முதலில் முடித்துவிடுகிறேன், அது சுலபம். காணும் பொங்கலன்று நிறைமாதமாகப் பிறந்த பிள்ளை என்றால் ஏப்ரல் கடைசியில் கரு தங்கியிருக்கும். கரு உண்டாகி ஏழு வாரத்துக்குள் மேலுதடு கூடி முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள், மேட்டூர் அணை திறந்த வாரம் வருகிறது. அண்ணம் பன்னிரண்டு வாரத்துக்குள் மூடிவிடும். அது ஆடி பிறந்த சமயம். கிரகணம் வந்தபோது உங்கள் மருமகளுக்கு ஐந்து மாதம். பேரன் உதட்டில் நடக்க வேண்டியதும் நடக்கத் தவறியதும் அதற்கு வெகு முன்பே முடிந்துபோன கதை. அன்றைக்குத் தூறல் வேறு போட்டதாக எழுதுகிறீர்கள். மேகத்துக்குப் பின்னால் இருந்த நிலா அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கவே வழியில்லை!

இதைச் சொல்வதால் என்னைப் பெரிய பகுத்தறிவுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். 1980 பிப்ரவரி 16 சூரிய கிரகணத்தன்று நான் நான்கு மாத கர்ப்பிணி. எம்.பி.பி.எஸ். முடித்தவள். என் அம்மா கும்பகோணம் வீட்டில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, என்னை உள்ளறையில் படுக்க வைத்தார். வாயே திறக்காமல் படுத்துக் கிடந்தேன். அரிவாள்மணைப் பக்கம்கூடப் போகவில்லை.

சரி, அந்த இரண்டு குழிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் விஷயமே அதுதான். கீழுதட்டில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு குழி, அதில் எச்சில் போல ஈரம், அதே குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு உதட்டுப் பிளவு. இதை 1954-இல் ஆன் வான் டெர் வூட் என்ற அமெரிக்க மருத்துவர் விரிவாக எழுதிவைத்தார். அவர் பெயரிலேயே வான் டெர் வூட் சிண்ட்ரோம் என்கிறோம். உலகத்தில் சுமார் 700 பிரசவத்துக்கு ஒரு குழந்தை பிளவோடு பிறக்கிறது. அவற்றில் நூற்றுக்கு இரண்டு இந்த வகை. உங்கள் வீட்டம்மாவுக்கு விழுந்து முளைக்க வேண்டிய பற்களில் ஒன்றிரண்டு முளைக்காமலே போயிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதுவும் இதோடு சேர்ந்து வருவதுண்டு.

காரணமான மரபணு எது என்று கண்டுபிடிக்க 2002 வரை ஆயிற்று. அமெரிக்காவில், அயோவாவில் ஜெஃப்ரி மர்ரேயின் குழு தேடிக்கொண்டிருந்தபோது ஓர் ஒற்றைக்கரு இரட்டையர் கிடைத்தார்கள். ஒருவருக்கு இந்தக் கோளாறு உண்டு, மற்றவருக்கு இல்லை. இரண்டு பேருடைய டி.என்.ஏ.வும் அச்சு அசலாக ஒன்றாக இருக்க வேண்டும். வித்தியாசம் இருக்கிற இடம்தான் குற்றவாளி, இல்லையா? அது முதலாவது குரோமோசோமில் ஐ.ஆர்.எஃப்.6 என்ற மரபணுவில் இருந்தது. முழுப்பெயர் இன்டர்ஃபெரான் ரெகுலேட்டரி ஃபேக்டர் 6. இதன் அண்ணன் தம்பிகள் பலரும் வைரஸ் வந்தால் எதிர்ப்புப் படை கிளப்புகிறவர்கள். இவன் மட்டும் குடும்பத் தொழிலை விட்டுத் தோல் வேலைக்குப் போய்விட்டான்.

இவன் என்ன செய்கிறான்? உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வது எளிது. மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று தண்ணீர் பிரிகிறது. எந்த ஷட்டரை எப்போது எத்தனை அடி தூக்குவது என்பது மதகு பார்க்கிற லஸ்கர் கையில். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எல்லா மரபணுவும் இருக்கிறது. கண்ணில் எது திறக்கும், தோலில் எது திறக்கும் என்று பார்த்து டி.என்.ஏ. மேல் உட்கார்ந்து திறந்து மூடுகிற புரதங்கள்தான் லஸ்கர்கள். ஐ.ஆர்.எஃப்.6 தோலுக்கான லஸ்கர். ‘பெருகினது போதும், இனி முதிர்ந்து தோலாகு’ என்று செல்லுக்கு உத்தரவு போகும்படி ஷட்டரைத் திறப்பது அவன் வேலை.

கருவில் முகம் ஒரே துண்டாக வளர்வதில்லை. நெற்றிப் பக்கத்திலிருந்து ஒரு துண்டு, இரண்டு கன்னத்துப் பக்கமிருந்து இரண்டு துண்டு வந்து உதட்டில் கூடுகின்றன. அண்ணத்தின் இரண்டு பலகைகள் முதலில் நாக்குக்கு இருபுறமும் தொங்கிக்கொண்டிருந்து, பிறகு மேலே எழுந்து நடுவில் சேரும். அதுவரைக்கும் அவை நாக்கோடோ ஈறோடோ ஒட்டிவிடக் கூடாது. அப்பளத்தை அடுக்கும்போது நடுவில் மாவு தூவுவோமே, அந்த மாதிரி மேலே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. ஐ.ஆர்.எஃப்.6 சரியில்லை என்றால் அந்தப் படலம் சரியில்லை. ஒட்டக்கூடாத இடத்தில் ஒட்டும், ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாது. இந்த மரபணுவின் இரண்டு பிரதியும் இல்லாமல் சுண்டெலி வளர்த்துப் பார்த்தார்கள். வாய் ஒட்டி, கால் ஒட்டி, தோல் முதிராமல் பிறந்து உடனே செத்துப்போயின.

உங்கள் பேரனுக்கு அப்படியில்லை. தாய் வழி ஒரு லஸ்கர், தகப்பன் வழி ஒரு லஸ்கர். ஒருவர் வேலைக்கு வரவில்லை என்றாலும் இன்னொருவர் இருக்கிறார். தண்ணீர் வரும், ஆனால் பாதி. தலைமடைக்குக் குறை தெரியாது. முத்துப்பேட்டைப் பக்கம் கடைமடையில்தான் தெரியும், அதுவும் எல்லா வருஷமும் ஒரே மாதிரி இருக்காது. உங்கள் மனைவிக்கும் மகனுக்கும் குழியோடு போயிற்று, பேரனுக்குப் பிளவு வரை போயிற்று. அதே பிழைதான், விளைவு ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக, கீழுதடு எந்த வழியோ மேலுதடும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். கடிதத்தை வைத்து நோயை முடிவு கட்ட மாட்டேன், மரபணு மருத்துவர் பார்க்க வேண்டும். ரத்தத்தில் ஐ.ஆர்.எஃப்.6-ஐப் படித்துப் பார்த்தால் இப்படிப்பட்ட பத்துக் குடும்பத்தில் ஏழில் பிழை தெரிந்துவிடும். மிச்சத்தில் சிலருக்கு ஜி.ஆர்.எச்.எல்.3 என்று வேறொரு லஸ்கர். முழங்காலுக்குப் பின்னால் தோல் சவ்வு மாதிரி இழுத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இதே மரபணுவின் வேறு சில பிழைகள் அங்கேயும் கைவைக்கும்.

உங்கள் மனைவியிடம் இதைத் தனியாகச் சொல்லுங்கள், மருமகள் எதிரில் வேண்டாம். பழியை ஒரு தலையிலிருந்து இறக்கி இன்னொரு தலையில் வைப்பதற்காக நான் இவ்வளவு எழுதவில்லை. அவரும் அதை யாரிடமிருந்தோ வாங்கினவர்தான், கேட்டு வாங்கவில்லை.

இப்போது அவசரமான வேலை ஒன்றிருக்கிறது: பால். அண்ணம் திறந்திருக்கிற பிள்ளையால் உறிஞ்ச முடியாது. 1986-இல் என்னிடம் ஒரு குழந்தையைத் தூக்கிவந்தார்கள். ஊர்க்கண் படக்கூடாது என்று நாற்பது நாள் உள்ளே வைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டியிருந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், தாய்ப்பாலைப் பீய்ச்சி, பிள்ளையைச் சாய்வாக நிமிர்த்திப் பிடித்து, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். மூக்கு வழியாகப் பால் வந்தால் பயப்பட வேண்டாம், நிறுத்தி ஏப்பம் விடவைத்துத் தொடருங்கள். வாரம் ஒரு தடவை எடை பாருங்கள். பத்து வாரம் தாண்டி, ஐந்து கிலோவைத் தொட்டு, ஹீமோகுளோபின் பத்து இருந்தால் உதட்டைத் தைத்துவிடலாம். அண்ணத்துக்கு ஒரு வயதை ஒட்டி, பேச்சு வருவதற்குள். காதையும் சோதிக்கச் சொல்லுங்கள், இந்தப் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கட்டும். 2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் பிளவுக்குச் சிகிச்சை இலவசம். அங்கன்வாடியில் விசாரித்தால் வழி காட்டுவார்கள்.

எடை ஐந்து கிலோ ஆனதும் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

கேள்வி: சொந்தத்தில், அத்தை மகனைக் கட்டியதால்தான் என் அக்கா பிள்ளைக்கு உதட்டுப் பிளவு என்கிறார்கள். எனக்கும் மாமன் மகனைப் பேசுகிறார்கள். பயமாக இருக்கிறது. (வாசகி, திருத்துறைப்பூண்டி)

பதில்: பயத்துக்கு முன்னால் அக்கா, அத்தான் இருவர் கீழுதட்டையும் வெளிச்சத்தில் பாரும்மா. குழி இருந்தால் மேலே சொன்னதுதான். அதற்கு ஒரு பிழைப் பிரதி போதும், பெற்றவர்கள் சொந்தமா அந்நியமா என்பது கணக்கிலேயே வராது. ஒவ்வொரு பிரசவத்திலும் அந்தப் பிரதி பிள்ளைக்குப் போகப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குழி இல்லையென்றால், பெரும்பாலான பிளவுகளைப் போல, பல மரபணுவும் கர்ப்பகாலச் சூழலும் கூடி வந்ததாக இருக்கலாம். அக்கா கர்ப்பமாக இருந்தபோது வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்டாரா என்று கேள். சில மாத்திரைகள் இந்த ஆபத்தைக் கூட்டும். அப்படிச் சாப்பிடுகிறவர்களும் தானாக நிறுத்திவிடக் கூடாது, டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். மாமன் மகனை வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம் இருந்தால் அதையே சொல்லு, உதட்டை ஏன் இழுக்கிறாய்? இரண்டு பக்கமும் பிழை சேர்ந்தால் மட்டுமே வருகிற வேறு நோய்கள் உண்டு. அதற்காகக் கல்யாணத்துக்கு முன்பு ஒரு தடவை மரபணு ஆலோசனைக்குப் போய்விட்டு வா.