பேரைக் கேட்கும் முன் ஊரைச் சொல்லுங்கள்

இந்தத் தடவை பேருக்கு அர்த்தம் கேட்டு முப்பது கடிதம் போல வந்திருக்கிறது. பாதிக்கு மேல் ஊர்ப் பெயரே இல்லை. போன தடவையும் சொன்னேன், அதற்கு முந்தின தடவையும் சொன்னேன். நம்ம நெல்லைப் பக்கத்துப் பேர்களுக்கு அகராதியில் தேடினால் பாதி அர்த்தம்தான் கிடைக்கும். மிச்சம் ஏதாவது ஒரு கோயில் வாசலில் கிடக்கும். ஊர் எது, குலதெய்வம் எது, தாத்தா பாட்டி பேர் என்ன, இந்த மூன்றையும் எழுதிவிட்டு அப்புறம் கேளுங்கள்.

அண்ணாச்சி, என் பேர் கோமதி. போனில் தேடினால் 'பசுவைப் போன்ற நிலா' என்று வருகிறது. சரியா? (சங்கரன்கோவில்)

பசுவும் நிலாவும் எப்படித் தாயி ஒன்றாகும்? இந்த 'மதி' நிலாவும் இல்லை, புத்தியும் இல்லை. 'உடையவள்' என்று காட்டுகிற வடமொழி விகுதி. கோமதி என்றால் பசுக்களை உடையவள். உங்கள் ஊர் அம்மனுக்கு ஆவுடையம்மாள் என்றும் ஒரு பேர் உண்டே, அதைப் பிரித்துப் பாருங்கள்: ஆ உடைய அம்மாள். இரண்டும் ஒரே பேர்தான். பாட்டி ஆவுடையம்மாள், பேத்தி கோமதி என்று இருக்கிற வீட்டில், தெரிந்தோ தெரியாமலோ பாட்டி பேரையே பேத்திக்கு வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலி காந்திமதியும் அப்படித்தான். காந்தி என்றால் ஒளி; ஒளி உடையவள். மகாத்மா காந்திக்கும் அம்மனுக்கும் என்ன உறவு என்று முன்பு ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கும் இதுதான் பதில்.

மாமனார் பேர் உச்சிமாகாளி. உச்சி வேளையில் பிறந்ததால் வந்த பேரா? ஆம்பிளைக்கு ஏன் அம்மன் பேர்? (கடையநல்லூர்)

உஜ்ஜயினி மாகாளி. நம்ம வாயில் அது உச்சினிமாகாளி ஆகி, அப்புறம் உச்சிமாகாளி ஆகிவிட்டது. வேளைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நேர்ந்து பெற்ற பிள்ளைக்குச் சாமி பேர் வைக்கும்போது ஆண், பெண் பார்க்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது. பேச்சி, மாரி, இசக்கி எல்லாம் மீசை வைத்தவர்களுக்கும் உண்டு.

சேர்மக்கனி என்பது சேர மன்னர்களோடு தொடர்புள்ள பேர் என்று எங்கள் பெரியப்பா சொல்கிறார். உண்மையா? (சாயர்புரம்)

பெரியப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், இது இங்கிலீஷ் பேர். ஏரலில் அருணாசலம் என்பவர் 1906-ல் சேர்மன் ஆனார். நியாயம் தப்பாதவர் என்று பேர் எடுத்தவர். 1908-ல் ஆடி அமாவாசையன்று காலமானார். முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆற்றங்கரையில் அவரை அடக்கம் செய்த இடம்தான் இன்றைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயில். சேர்மத்துரை, சேர்மராஜ், சேர்மக்கனி எல்லாம் அங்கிருந்து புறப்பட்டவை. ஒரு பதவியின் பேர் சாமி பேராகி, சாமி பேர் பிள்ளைக்கும் வந்தது. எனக்கு இதில் சேர மன்னனைவிடப் பெருமை அதிகமாகத் தெரிகிறது.

என் பேர் இசக்கியம்மாள். சென்னையில் வேலை. பேரைக் கேட்டதும் ஆபீஸில் சிரிக்கிறார்கள், 'பேய் பேரா' என்கிறார்கள். 'ஈஷா' என்று மாற்றலாமா? (சொந்த ஊர் முக்கூடல் பக்கம்)

மாற்றுவது உங்கள் இஷ்டம், அரசிதழில் போட்டால் முடிந்தது. ஆனால் என்ன பேரை விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விடுங்கள்.

முயலை நாம் மொசல் என்கிறோம். உயரம் ஒசரம், உயிர் உசுரு. அதே வழியில் இயக்கி இசக்கியாகிவிட்டாள். இயக்கி என்பது யட்சியின் தமிழ் வடிவம். சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே 'பூங்கண் இயக்கி'க்குப் பால் படைத்துவிட்டுத் திரும்புகிற மாதரியிடம்தான் கண்ணகி அடைக்கலமாகிறாள். சிரிக்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள். சமணத்தில் தீர்த்தங்கரர்களுக்குக் காவலாக யட்சிகள் உண்டு. கழுகுமலைப் பாறையில் அம்பிகாவும் பத்மாவதியும் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறார்கள். சமணம் போனது, இயக்கி போகவில்லை. பழிவாங்கும் நீலி கதை பின்னால் வந்து அவளோடு ஒட்டிக்கொண்டது, அதனால்தான் பேய் என்கிறார்கள்.

ஆனால் இசக்கி கோயிலுக்கு யார் போகிறார்கள் என்று ஒரு வெள்ளிக்கிழமை நின்று பாருங்கள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள்தான். மரக்கிளையில் சின்னச் சின்ன மரத்தொட்டில் தொங்கும், பக்கத்திலேயே கண்ணாடி வளையல். சுடுமண் சிலையில் அம்மன் இடுப்பில் ஒரு குழந்தை இருக்கும். உங்கள் அம்மாவோ ஆச்சியோ அங்கே நின்று கேட்டு வாங்கின பேர் இது.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதற்குச் சொந்தக் காரணமும் உண்டு. என் முழுப் பேரில் இசக்கி இருக்கிறது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது பேர் எழுதின வாத்தியார், 'இதெல்லாம் எதுக்கு' என்று முன்பாதியை வெட்டிவிட்டு வெறும் முத்து என்று எழுதிவிட்டார். அப்பா கைநாட்டு, அவருக்குத் தெரியவில்லை. சர்டிபிகேட்டில் ஒரு பேர், ரேஷன் கார்டில் ஒரு பேர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நாலைந்து வருஷம் அலைந்தேன். கடைசியில் ஒரு ஆபீஸில் 'இசக்கிமுத்து என்கிற முத்து' என்று சீல் வைத்துக் கொடுத்தார்கள். ஏதோ போலீஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. நாலெழுத்தை வெட்டுவது லேசு தாயி, ஒட்டவைப்பதுதான் பாடு. சுடலைமுத்துவை எஸ். முத்து ஆக்குகிறவர்களும், மாடத்தியை மது ஆக்குகிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

தாத்தா பேர் இராயப்பன். நாங்கள் கிறிஸ்தவர்கள். ராயர்கள் யாராவது எங்கள் வம்சமா? (வடக்கன்குளம்)

இல்லை. பேதுரு என்றால் பாறை. தெலுங்கில் ராயி என்றால் கல். அந்தக் காலத்துக் கிறிஸ்தவச் சாமியார்கள் புனிதர்களின் பேரை ஒலி பார்க்காமல் பொருள் பார்த்து மாற்றினார்கள். பேதுரு இராயப்பர் ஆனார். பவுல் என்றால் சிறியவர், அவர் சின்னப்பர். அருளப்பர் என்றால் யோவான். உங்கள் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறதே! 1745-ல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது வடக்கன்குளத்தில்தான். லாசர் என்ற பேருக்குக் 'கடவுள் துணை' என்று பொருள், அதைத்தான் தேவசகாயம் என்று வைத்தார்கள். 2022-ல் ரோமில் அவரைப் புனிதராக அறிவித்தபோதும் அந்தப் பேரையும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள்.

மகரபூஷணம் என்ற பேரை மகர ராசிக்காரர்களுக்கு மட்டும்தான் வைக்கவேண்டுமா? (ஊர் இல்லை)

ஊர் எழுதாதவர்களில் நீங்கள் முதல் ஆள். ராசியை விடுங்கள். தென்திருப்பேரைப் பெருமாள் மகர நெடுங்குழைக்காதர்; மகர மீன் வடிவக் குழை அணிந்தவர். அந்த ஆபரணம்தான் பூஷணம். பக்கத்துத் திருக்கோளூரில் வைத்தமாநிதி, ஸ்ரீவைகுண்டத்தில் கள்ளபிரான். நவதிருப்பதி என்கிற இந்தப் பக்கத்து ஒன்பது பெருமாள் கோயில்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் யாரும் வைக்காத பேராகப் பத்துக் கிடைக்கும்.

வாப்பா பேர் மைதீன் பிச்சை. 'பிச்சை' என்பது கேவலமாக இருக்கிறதே? (மேலப்பாளையம்)

கேவலம் ஒன்றுமில்லை. தவமிருந்தோ, முதல் பிள்ளைகள் தங்காமல் போயோ, இறைஞ்சிப் பெற்ற பிள்ளைக்கு வைக்கிற பேர். பிச்சைமுத்து, பிச்சம்மாள் எல்லாம் அதே கணக்கு. மைதீன் என்பது முகைதீன். முகைதீன் ஆண்டவர் தர்கா இருக்கிற பொட்டல்புதூர் பக்கம் போனால் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

பையனுக்கு 'ஷ்' வருகிற மாதிரி, கூட்டினால் 5 வருகிற, யாருக்கும் இல்லாத தமிழ்ப் பேர் வேண்டும். (திருநெல்வேலி)

தமிழில் 'ஷ்' கிடையாது.

சுடலை, மாசானம். என்ன வித்தியாசம்? (திசையன்விளை)

ஒன்றுமில்லை. மசானம் வடமொழிச் சுடுகாடு, சுடலை தமிழ்ச் சுடுகாடு.

வெயிலாட்சி?

கடிதம் முழுக்க இவ்வளவுதான், ஒரு சொல்லும் ஒரு கேள்விக்குறியும். திருச்செந்தூர்ப் பக்கம் என்றால் வெயிலுகந்தம்மனை வைத்து வந்திருக்கும். உகந்த என்றால் விரும்பிய. வெயிலை விரும்பி நிற்கிற அம்மன். வேறு பக்கம் என்றால் வேறு அம்மனாகவும் இருக்கலாம். ஊரை எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.