மக்தப் அன்பர்: வீட்டின் வயதும் பள்ளியின் வயதும்

ஐயா, வணக்கம். டமாஸ்கஸில் உள்ள மக்தப் அன்பர் என்ற பழைய உயர்நிலைப் பள்ளியைப் பற்றித் தேடினால், தொடக்கம் 1867 என்கிறது ஒரு குறிப்பு. 1887 என்கிறது இன்னொன்று. 1890களில்தான் என்கிறது மற்றொன்று. எதை நம்புவது? அரபு தேசியவாத பாத் கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான மிஷேல் அஃப்லக் அங்கேதான் கற்பித்தாரா?
செல்வி

அன்புள்ள செல்வி,

1867 வீட்டின் ஆண்டு, பள்ளியின் ஆண்டு அல்ல. யூசுப் அன்பர் என்ற யூத வணிகர் பழைய நகரில், நேர்த்தெருவை ஒட்டி, அடுத்தடுத்து மூன்று முற்றங்களோடு அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். கடன் மிஞ்சியது, வீடு உதுமானிய அரசின் கைக்குப் போனது. பள்ளி அதற்குப் பிறகு வந்தது.

பள்ளியின் ஆண்டைக் குறிப்பவர்கள் தங்களுக்குள் முரண்பட நாட்காட்டியும் ஒரு காரணமாகலாம். உதுமானிய அலுவலகங்கள் ஹிஜ்ரி ஆண்டோடு ரூமி என்ற நிதியாண்டையும் எழுதின. ரூமி 1303 தொடங்கியது 1887 மார்ச்சில். ஹிஜ்ரி 1303 அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் மாற்றினால் ஓராண்டுக்கு மேல் பிசகும். மாதப் பெயரைப் பாருங்கள்: மார்ட், நிசான் என்றிருந்தால் ரூமி, முஹர்ரம், சஃபர் என்றிருந்தால் ஹிஜ்ரி.

பள்ளியின் தரத்தையும் கவனிக்க வேண்டும். 1869-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 500 வீடுகளுக்கு மேற்பட்ட ஊருக்கு ருஷ்தியே என்ற நடுநிலைப் பள்ளி, 1000 வீடுகளுக்கு மேற்பட்ட ஊருக்கு அதற்கு அடுத்த படியான இதாதி, மாகாணத் தலைநகருக்கு எல்லாவற்றுக்கும் மேலான சுல்தானி. ஏட்டில் இருந்தது இது. பணம் இல்லாததால் பல தலைநகரங்களில் இதாதியே மேல்நிலைப் பள்ளியாக நின்றது. மக்தப் அன்பரும் அப்படித்தான். சுல்தானி என்ற தகுதி பின்னால் வந்தது. ஆகவே "இதாதி திறப்பு", "சுல்தானி திறப்பு" என இரண்டு ஆண்டுகள் கிடைத்தால் இரண்டும் சரியாக இருக்கலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது பயிற்றுமொழி. அரபு நகரம், அரபு மாணவர்கள், பாடமோ துருக்கியில். அதிகாரிகளை உருவாக்க நிறுவிய பள்ளியிலிருந்து அரபு உரிமை கேட்ட தலைமுறை எழுந்ததை இந்த முரணை விட்டுவிட்டு விளக்க முடியாது. பின்னாளில் சிரியாவின் குடியரசுத் தலைவரான ஷுக்ரி அல்-குவத்லி இங்கே படித்தவர். 1918 அக்டோபரில், உதுமானியருக்கு எதிரான அரபுக் கிளர்ச்சியை நடத்திய ஃபைசலின் படை நகருக்குள் வந்தபின் பள்ளிகள் அரபுக்கு மாறின. ஃபைசல் அமைத்த அரசின் கல்வித்துறையை நடத்திய சாதி அல்-ஹுஸ்ரி துருக்கிமொழிக் கல்வியில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1920 ஜூலையில் பிரெஞ்சுப் படை நுழைந்த பிறகும் அரபு வகுப்புகள் தொடர்ந்தன.

அஃப்லக் விஷயத்தில்தான் பலர் இடறுகிறார்கள். 1930களில் உயர்நிலைப் பள்ளி பழைய நகரை விட்டு, பரதா ஆற்றங்கரைப் பக்கம் எழுப்பிய, தஜ்ஹீஸ் என்று அழைக்கப்பட்ட புதிய பள்ளிக் கட்டடத்துக்குப் போனது. இன்று அதன் பெயர் ஜவ்தத் அல்-ஹாஷிமி பள்ளி. அஃப்லக் வரலாறு கற்பித்ததும், அவரோடு பாத் கட்சியை நிறுவிய சலாஹுத்தீன் அல்-பித்தார் அறிவியல் கற்பித்ததும், 1942-இல் இருவரும் வேலையை விட்டதும் தஜ்ஹீஸில். பாத் கட்சியின் தொடக்கத்தை மக்தப் அன்பரின் முற்றத்தில் வைத்து எழுதுவது பிழை.

மாளிகையைப் பின்னர் அரசு பழுதுபார்த்துப் புதுப்பித்தது. எனவே குறிப்பு எடுக்கும்போது வீட்டுக்கு ஒரு பக்கம், பள்ளிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். 1930களுக்குப் பிந்தைய மாணவர் எவரையும் தஜ்ஹீஸின் கணக்கில் எழுதுங்கள்.