நெட்வொர்க் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் கல்லூரி லேபில் 60 கம்ப்யூட்டர்கள். காலை 10 மணிக்கு ஆன்லைன் தேர்வு தொடங்கினால் பாதிப் பேருக்குக் கேள்வித்தாள் திறப்பதற்குள் உயிர் போகிறது. பாக்கெட் ட்ரேசர் என்ற நெட்வொர்க் பயிற்சி மென்பொருளில் வரைந்து பார்த்தேன், எல்லாம் பச்சையாகத்தான் காட்டுகிறது. எதை நம்புவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: லேபை நம்புங்கள். பாக்கெட் ட்ரேசர் சுவிட்ச், ரௌட்டரை செட் செய்து பழகுவதற்கானது. பச்சை விளக்குக்கு 'இணைப்பு சரி' என்பதற்கு மேல் அர்த்தம் கிடையாது. நெரிசலைப் பார்க்க என்எஸ்-3 அல்லது ஓம்நெட் ப்ளஸ்ப்ளஸ் போன்ற சிமுலேட்டர் (நெட்வொர்க்கின் ஓட்டத்தைக் கம்ப்யூட்டரிலேயே நடத்திக் காட்டும் மென்பொருள்) வேண்டும், இரண்டும் படிப்புக்கு இலவசம்.

ஆனால் முதலில் ஒரு காகிதம் எடுங்கள். கேள்வித்தாள் படங்களோடு 20 எம்பி என்று வைத்தால் 60 பேருக்கு 1,200 எம்பி, அதாவது 9,600 மெகாபிட் (ஒரு பைட்டுக்கு எட்டு பிட்). சர்வருக்குப் போகிற ஒரே கேபிள் 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) என்றால் ஹெடர் (தரவோடு கூடவே போகும் முகவரி விவரம்) போக 94, 95தான் தேறும், ஆக எல்லாருக்கும் போய்ச்சேர நூறு வினாடிக்கு மேல். கிகாபிட்டாக்கினால் பத்து வினாடி சொச்சம். பல சமயம் விஷயம் இங்கேயே முடிந்துவிடும்.

அப்புறமும் சிமுலேஷன் செய்வதென்றால் (ப்ராஜெக்ட்டுக்கு வேண்டியிருக்குமே!), பலர் சறுக்குவது ட்ராஃபிக்கில்தான். பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் சீராகத் தூவினாற்போல வருவதாக வைத்துக்கொள்வார்கள், கணக்குக்குச் சுலபம். நிஜ ஈதர்நெட்டில் (கேபிள் நெட்வொர்க்கில்) அவை கொத்துக் கொத்தாக வரும் என்று அமெரிக்காவின் பெல்கோர் தொலைத்தொடர்பு ஆய்வகத்தின் அளவீடுகள் 1990-களின் தொடக்கத்திலேயே காட்டிவிட்டன. உங்கள் பத்து மணியும் அதுதானே? அதனால் 60 மெஷினையும் ஓரிரு வினாடிக்குள் கிளப்பிவிடுங்கள், ரேண்டம் சீடை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மாற்றி மாற்றிப் பலமுறை ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் வந்த வளைகோட்டை ரிப்போர்ட்டில் ஒட்டுவது, என்னைக் கேட்டால், ஏமாற்று. சராசரித் தாமதத்தை விடுங்கள், கடைசி மாணவிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று பாருங்கள், புகார் அவரிடமிருந்துதான் வரும். லேபில் ஐபெர்ஃப்-3 (நெட்வொர்க் வேகத்தை அளக்கும் மென்பொருள்) ஓட்டி வரும் வேகத்தோடு ஒத்துப்போகாத மாடலை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கேள்வி: பூர்வீக வீட்டைத் தங்கும் விடுதியாக்குகிறோம். முகப்பிலிருந்து அடுப்படி வரை ஒரே லேன் கேபிள் போதுமா, சிமுலேஷன் செய்து பார்க்கணுமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: நீளம் அளக்கும் டேப் போதும். காப்பர் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர். நம் செட்டிநாட்டு வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை, வளவை (நடு முற்றத்தை)ச் சுற்றி, இரண்டாங்கட்டைத் தாண்டி ஓரமாக இழுத்தால் எல்லை மீறிவிடலாம். மீறினால் நடுவில் ஒரு சுவிட்ச் வையுங்கள், இல்லையென்றால் ஃபைபர். ஃபைபர் மின்சாரம் கடத்தாது, திறந்த வளவைக் கடக்கும் இடத்தில் இடி மின்னல் பயமும் குறையும்.